அளந்தது நிலத்தை

சட்டத்தையும் ஒரு படைப்பைப் போல உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். எடுத்துக்கொண்ட பொருள் என்ன, கையாண்ட முறை அதற்கு ஈடு கொடுத்ததா? இடுக்கி ஏலத்தோட்டங்களில் கூலிக்குப் போகும் பதின்வயதினரை முன்வைத்து, 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை அப்படி வாசிக்க வேண்டியிருக்கிறது.

நிறை முதலில். வளரும் உடல் வேறு, வளர்ந்த உடல் வேறு என்பதை அது கண்டுகொண்டது. பெரியவருக்கு வாரம் அதிகபட்சம் 48 மணி நேர வேலை என்றால், 18 நிரம்பாதவருக்கு 27தான் என்றது. அவருக்கு மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டியிருந்தது. அது 12 மாதம்தான் செல்லுபடியானது. அதைக் குறிக்கும் அடையாள வில்லை வேலையின்போது கையில் இருக்க வேண்டியிருந்தது. காயத்துக்குப் பின் இழப்பீடு பேசாமல், நோய்க்கு முன் உடலைப் பார்க்கச் சொன்ன முறை இது.

குறை எல்லைக்கோட்டில் இருக்கிறது. 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால்தான் அதன் கணக்கில் அது தோட்டமாக இருந்தது. 1981 திருத்தம்தான் ஏலத்தை உள்ளே கொண்டுவந்தது, அளவையும் இந்த எண்களுக்குக் குறைத்தது. அளக்கும் பொருளை மாற்றவில்லை. சிறு தோட்டங்களுக்கு நீட்டிப்பதை மாநில அரசின் விருப்பத்துக்கு விட்டது. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக விடியலில் ஜீப்பேறி வரும் தேனிப் பக்கத்து ஆட்களுக்கோ இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம்.

ஏலத்தில் காய் பிடிப்பது தூரிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில். பூச்சிமருந்து விழுவதும் அங்கே. குனிந்து காயெடுக்கும் கை துழாவுவதும் அங்கே. குயினால்பாஸ் போன்ற மருந்து உடம்பில் ஏறினால் தலைவலி, வியர்வை, குமட்டல். வீட்டில் அதைப் பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்துவிடலாம். 4 ஹெக்டேர் தோட்டத்தில் காயெடுத்த பதினாறு வயதுப் பையனுக்கு 1951 சட்டப்படி சான்றும் இருந்ததில்லை, வில்லையும் இருந்ததில்லை. நோய் வந்தாலும் அது ஏறுவதற்கு ஏடு இருந்ததில்லை.

சிறார் உழைப்புச் சட்டத்தின் 2016 திருத்தம் நிலப்பரப்பைக் கேட்பதில்லை; 14 முதல் 18 வரையுள்ளவரை ஆபத்தான தொழில்களிலிருந்து விலக்குகிறது. அகலத்தில் அது மேல், ஆழத்தில் கீழ். தடுக்கத் தெரிந்த அதற்கு உடலைச் சோதிக்கத் தெரியவில்லை. தடை மட்டும் நிற்கும் இடத்தில், "பதினெட்டு முடிஞ்சிருச்சு" என்ற ஒரு வாக்கியம் போதும், அதைத் தாண்ட.

ஆக, 1951 சட்டத்தின் பார்வை கூர்மை, கட்டுமானம் பிழை. உடலுக்காக எழுதிய விதியை அது நிலத்தில் கட்டிப்போட்டது. 2025இல் அதன் இடத்துக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் அதே 5 ஹெக்டேர் கணக்கை வைத்துக்கொண்டது. சான்றும் வில்லையும் ஆளோடு போக வேண்டும், அவர் எந்த ஜீப்பில் ஏறினாலும்.