கை நீட்டி உறுதிமொழி, கையோடு டி.சி.!

ஜூன் 26 சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு தினம். அன்று காலை கம்பம், கூடலூர், சின்னமனூர், போடி என்று தேனி மாவட்டத்தில் எந்த ஊர் அரசுப் பள்ளிப் பக்கம் போனாலும் பெரும்பாலும் ஒரே காட்சிதான். வெயிலில் பிள்ளைகள் ரெண்டு ரெண்டாக ஊர்வலம் போவார்கள். கையில் தட்டி. தட்டியில் தவறாமல் ஒரு வாசகம், அதில் தவறாமல் ‘போதை’யும் ‘பாதை’யும் இருக்கும். ‘போதை’க்கு ‘பாதை’ என்று எதுகை அகப்பட்ட நாளிலிருந்து நம் விழிப்புணர்வு வாசகக் கவிஞர்கள் வேறு யோசனையே செய்வதில்லை!

ஊர்வலம் முடிந்ததும் மைதானத்தில் கூட்டம். காவல் துறை அதிகாரி பேசுவார். டாக்டர் பேசுவார். புகைபிடித்துக் கறுத்துப்போன நுரையீரல் படம் காட்டுவார்கள். ஓவியப் போட்டியில் ஜெயித்தவருக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். கடைசியில் எல்லோரும் வலது கையை நீட்டி உறுதிமொழி. போட்டோ. மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி. அவ்வளவுதான், அடுத்த ஜூன் வரை போதை ஒழிந்தது.

கிண்டல் செய்வது சுலபம், ஒப்புக்கொள்கிறேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இது தேவலை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால், என் சந்தேகம் வேறு. கை நீட்டி நிற்கிற ஐந்நூறு பேரில், போன மாதம் ஆற்றங்கரையில் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்ட ஒன்பதாம் கிளாஸ் பையன் ஒருத்தனும் நிற்கிறான் என்று வையுங்கள். ‘இனி தொட மாட்டேன்’ என்று அவனும்தான் சத்தம் போட்டுச் சொல்கிறான். ‘தொட்டுட்டேன் சார், விட முடியல, என்ன பண்றது?’ என்று கேட்க அந்த மைதானத்தில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

நம் போதை ஒழிப்புப் பிரசாரம் முழுவதும் இதுவரை தொடாத பிள்ளைக்கு மட்டுமே பேசுகிறது. தொட்டுவிட்ட பிள்ளையைக் கண்டால் மிரட்டுகிறது. இதுதான் என் புகார்.

*

ஏன் தேனியை வைத்துப் பேசுகிறேன்? இளையராஜாவின் பண்ணைப்புரமும் பாரதிராஜாவின் அல்லிநகரமும் இருக்கிற மாவட்டம். முல்லைப் பெரியாறு பாயும் பள்ளத்தாக்கு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், வெளியூரில் போய் ‘எனக்குக் கம்பம்’ என்று ஓர் இளைஞன் சொன்னால், எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு நமுட்டுச் சிரிப்பு வரும். திராட்சையை நினைத்து வருகிற சிரிப்பு இல்லை அது!

பழைய கதை உண்டுதான். வருசநாடு, மேகமலைக் காடுகளில் ஒரு காலத்தில் கஞ்சா பயிரானது, போலீஸ் ஏறி ஏறி அழித்தது. இன்று பிடிபடுகிற சரக்கில் பெரும்பகுதி இங்கே விளைந்தது இல்லை. ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று கேரளாவுக்கு மூன்று மலைப்பாதைகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. சரக்கு போகிற வழியில் ஊர் இருந்தால், கொஞ்சம் ஊரிலும் சிந்தத்தானே செய்யும்?

சிந்துவது கஞ்சா மட்டும் இல்லை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்கிற ‘கூல் லிப்’ புகையிலைப் பொட்டலம் பள்ளிப் பிள்ளைகள் வரை வந்துவிட்டதைப் பார்த்து, 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதை நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் இருக்கிறது. குழந்தைக்குப் போதைப் பொருள் கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல் என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு. காகிதத்தில் நாம் ரொம்பக் கண்டிப்பானவர்கள்.

*

சரி, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுப்பது?

இதில் அமெரிக்காக்காரன் ஏற்கெனவே ஒரு பெரிய பாடம் படித்துவிட்டான். 1983-ல் லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸ் ‘டேர்’ என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. யூனிஃபார்ம் போட்ட போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து போதையின் தீமைகளைச் சொல்வார். பிள்ளைகள் உறுதி எடுப்பார்கள். டி-ஷர்ட் கிடைக்கும். பெற்றோருக்கும் பிடித்தது, போலீஸுக்கும் பிடித்தது, அரசியல்வாதிகளுக்கு ரொம்பவே பிடித்தது. நாடெங்கும் பரவியது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். இந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கும் உட்காராத பிள்ளைக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை! 2003-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே இதை எழுதிக் கொடுத்தது. அதன் பிறகு அவர்கள் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள்.

ஐ.நா.வின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் பச்சையாகச் சொல்கிறது. பயமுறுத்துவது, ஒரு நாள் சொற்பொழிவு, திருந்திய பழைய அடிமையை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பது இதெல்லாம் வேலைக்கு ஆவதில்லை. வேலைக்கு ஆவது, சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்து, வாரக்கணக்கில், பேசியும் நடித்தும் பழக்குவது.

காரணம் ரொம்ப எளிது. முதல் இழுப்பைக் கொடுக்கிறவன் மீசை முறுக்கிய வில்லன் இல்லை. கூடப் படிக்கிறவன், இல்லையென்றால் தெரு அண்ணன். “ஒண்ணும் ஆகாதுடா, சும்மா ஒரு இழுப்பு” என்பான். அங்கே பையனுக்குத் தேவை கறுத்த நுரையீரல் படம் இல்லை. நண்பனையும் இழக்காமல், ‘பயந்தாங்கொள்ளி’ என்ற பட்டமும் வாங்காமல், அந்த இடத்தை விட்டு எப்படி நழுவுவது என்கிற சாமர்த்தியம். நீச்சலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுக்க முடியாது. இதுவும் அப்படித்தான்.

டெல்லிக்கு இது தெரியாமல் இல்லை. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் போதைப் பழக்கம் பற்றி நாடு தழுவிய கணக்கெடுப்பு வேண்டும், பாடத்திட்டத்திலும் இது வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2020-ல் தொடங்கிய பள்ளி ஆரோக்கியத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைப் பயிற்சி கொடுத்துத் தயார் செய்ய வேண்டும் என்றிருக்கிறது. போதைத் தடுப்பும் அதில் ஒரு பாடம். தமிழ்நாட்டிலும் 2022 ஆகஸ்ட் 11-ல் மாநிலம் முழுக்க மாணவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். பள்ளிகளில் போதை எதிர்ப்பு மன்றங்கள் வந்தன.

நல்லதுதான். ஆனால், அந்த இரண்டு ஆசிரியர்கள் யார்? கணக்கு வாத்தியாரும் சயன்ஸ் டீச்சரும்தானே. பத்தாம் வகுப்பு ரிசல்ட் குறைந்தால் அவர்களைக் கேள்வி கேட்பார்கள். எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றாவிட்டால் கேள்வி கேட்பார்கள். தேர்தல் வேலை வேறு. ஒரு பையன் இரண்டு வாரமாகக் கண் சிவந்து வந்து கடைசி பெஞ்சில் தூங்குகிறானே என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை. கேட்காத வேலை நடக்காது என்பது அரசாங்கத்தின் எழுதாத விதி.

*

இப்போது அந்த ஒன்பதாம் கிளாஸ் பையனிடம் திரும்பி வருவோம். அவன் ஒரு நாள் பிடிபடுகிறான். பையில் பொட்டலம். ஹெட்மாஸ்டர் அறை. அம்மாவை வரச் சொல்கிறார்கள்.

அம்மா எங்கே? இடுக்கி ஏலத்தோட்டத்தில். இந்தப் பள்ளத்தாக்கில் ஏராளமான பெண்கள் விடியுமுன்னே எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகிறார்கள். இருட்டுகிற நேரத்தில்தான் இறங்குகிறார்கள். காலை பதினோரு மணிக்குப் பள்ளிக்கு வா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. போய் நின்றால் கிடைப்பது, “இவன் இருந்தா மத்த பிள்ளைகளும் கெட்டுப்போகும். டி.சி. வாங்கிட்டுப் போயிருங்கம்மா.”

எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்த வேலி முடிந்துபோகிறது. வில்லங்கமும் பெரும்பாலும் அந்த வயதில்தான் ஆரம்பிக்கிறது.

ஹெட்மாஸ்டரைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. “அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, வெளியேயும் அனுப்பக் கூடாது, அப்ப நாங்க என்னதான் சார் பண்றது?” என்று அவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. நானூறு பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அவர் கையில் நாம் கொடுத்திருப்பது இரண்டே கருவிகள். ஒன்று பிரம்பு, அதைப் பிடுங்கிவிட்டோம். இன்னொன்று டி.சி. மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்தால்தானே அவர் இதைக் கீழே வைப்பார்?

டி.சி. கையில் வந்த பையன் காலையில் எங்கே போவான்? வீட்டில் ஆள் இல்லை. அவனை ஒரு வார்த்தை திட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிற ஒரே ஆள், விற்கிறவன். நேற்று வரை வாங்கியவன் நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவன் ஆகிறான். பள்ளிக்கூடம் தன் கையாலேயே விற்பனையாளனுக்கு ஓர் ஆள் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது.

ஊருக்குள் அவனுக்கு ஒரு பெயரும் வந்துவிடும். ‘கஞ்சாகுடுக்கி.’ பெயர் வைப்பது என்ன செய்யும் என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் உசிலம்பட்டி சீமையில், பிறந்த சாதிக்காகவே மனிதர்களைக் குற்றவாளி என்று பதிவு செய்து கைரேகை எடுத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் செத்தார்கள். அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது. அதே வைகைச் சீமையில் பதினாலு வயதுப் பையன் பெயரை ஒரு நோட்டில் எழுதி ‘வாட்ச் பண்ணுங்க’ என்று கொடுப்பதற்கு முன்னால், நாம் கொஞ்சம் யோசிக்கலாம்.

*

ஐஸ்லாந்து என்ற குட்டி நாட்டில் 1998-ல் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் 42 சதவிகிதம் பேர் முந்தின ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016-ல் அது 5 சதவிகிதம். கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர்கள் 17-லிருந்து 7 ஆனார்கள். எப்படி? பிள்ளைகளிடம் பெயர் கேட்காமல் சர்வே எடுத்தார்கள். முடிவை அந்தந்தப் பள்ளிக்கே உடனே கொடுத்தார்கள். சாயங்காலம் விளையாட்டு, இசை என்று பிள்ளைகள் போய்ச் சேர இடமும் பணமும் கொடுத்தார்கள். பெற்றோர்களை ஒருவரோடு ஒருவர் பேச வைத்தார்கள்.

“அது பணக்கார நாடு, சுமார் நாலு லட்சம் ஜனம்” என்பீர்கள். உண்மை. தேனி மாவட்டமே 2011 கணக்குப்படி 12 லட்சத்துக்கு மேல். ஆனால், அங்கே செய்ததன் சாரம் என்ன? பள்ளி விட்டதிலிருந்து அம்மா வீடு வரும் வரை பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கவலைப்பட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் வியாதியும் அந்த மூன்று மணி நேரம்தான். நாலரைக்குப் பூட்டுகிற மைதானத்தை ஏழு மணி வரை திறந்து வைத்து, ஒரு பி.டி. மாஸ்டருக்கும் ஒரு வாட்ச்மேனுக்கும் கூடுதல் சம்பளம் கொடுப்பதற்கு ஐஸ்லாந்து ஆக வேண்டியதில்லை. கபடிக்கும் வாலிபாலுக்கும் இந்த ஊரில் ஆள் பஞ்சம் உண்டா என்ன?

மற்றவையும் பெரிய செலவில்லை. பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். நாலைந்து பள்ளிகளுக்கு ஒரு முழுநேர மனநல ஆலோசகர் போடுங்கள். பாடம் எடுக்காத, மார்க் போடாத, போலீஸுக்குப் போன் போடாத ஆள். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, சொன்னதை வெளியே சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். தானாக வந்து உதவி கேட்டவனுக்கு டி.சி. கிடையாது என்று ஒரே வரியில் ஓர் அரசாணை போடுங்கள்.

உதவி கேட்டவனை எங்கே அனுப்புவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரி க.விலக்கில் இருக்கிறது. கூடலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்த அம்மா கூட்டிப்போவாள்? டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் பள்ளத்தாக்குக்கு வரட்டும். 2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்புப்படி, சட்டவிரோத போதைப் பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது உதவி கிடைத்திருக்கிறது. மீதிப் பத்தொன்பது பேரும் என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு மைதானத்தில் கை நீட்டி நின்றிருக்கவும் கூடும்.

உறுதிமொழியை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் மட்டும் வாங்க வேண்டாம் என்கிறேன். அடுத்த ஜூன் 26 அன்று மாணவர்கள் கை நீட்டி முடித்த பிறகு, மேடையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களும் எழுந்து கை நீட்டட்டும். “உங்களில் யாராவது தவறிப்போய் வந்து சொன்னால், அடிக்க மாட்டோம், காட்டிக்கொடுக்க மாட்டோம், டி.சி. கொடுக்க மாட்டோம். கூடவே இருப்போம்.”

அதற்கு எதுகை கிடைக்காது. பரவாயில்லை.