ஒலி ஒத்தால் உறவா?

எந்த ஆங்கிலச் சொல்லை எடுத்தாலும் அதன் வேர் தமிழில்தான் என்று காட்டும் பழக்கம் நம்மிடையே உண்டு. மலேசியத் தமிழ் மேடைகளிலும் அதற்குக் கைதட்டல் நிச்சயம். இந்த ஆர்வத்தை வளர்த்தவர்களில் முதன்மையானவர் தேவநேயப் பாவாணர். 1940இல் ‘ஒப்பியன் மொழிநூல்’ எழுதியவர். 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானவர். தமிழ்ச் சொற்களை வடமொழிக் கடன் என்று எளிதில் ஒதுக்கிவிட்டவர்களிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் வேர் கேட்டார். ஒரே வேரில் கிளைத்த தமிழ்ச் சொற்களை அவர் இனம் சேர்த்துக் காட்டும் பக்கங்கள் இன்றும் வியக்க வைக்கின்றன.

தமிழின் எல்லையைத் தாண்டியதும் வழி தடுமாறுகிறது. கொழுந்துவிட்டு எரிவதைச் சொல்லும் ஆங்கில வினை ‘பிளேஸ்’. கேட்டவுடன் நம் ‘பளிச்’ நினைவுக்கு வரும், பொருளும் ஒளிதான். மேடைக்கு இது போதும், ஆய்வுக்குப் போதாது. பழைய ஆங்கிலத்தில் ‘பிளேசெ’ என்பது தீப்பந்தத்தையும் சுடரையும் குறித்த பெயர்ச்சொல். வினை அதிலிருந்து பிறந்தது. அதற்கும் அடியில், ஒளிர்தலைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றை மொழியியலார் காண்கிறார்கள். எரிதலைச் சொல்லும் லத்தீன் ‘ஃபிளக்ராரே’யையும் அதே வேரோடு சேர்க்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘பிரதர்’ லத்தீனில் ‘ஃபிராட்டர்’ ஆவதைப் பாருங்கள். அங்கும் அதே ஒலிமாற்றம். இப்படிப் பல சொற்களில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்குதான் உறவுக்குச் சான்று. ‘பளிச்’சுக்கு அப்படி ஓர் ஒழுங்கைக் காட்ட முடியாது. பாவாணரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் வேர்களோடு இணைத்த இடங்களில் இந்தச் சோதனையை முழுமையாகச் செய்யவில்லை என்பதே என் மதிப்பீடு.

ஆங்கிலத்துக்குள்ளேயே இன்னொரு ‘பிளேஸ்’ இருக்கிறது. செய்தியைப் பரப்புதல் அதன் பொருள். ஊதுதலைக் குறிக்கும் வேறொரு சொல்வழி வந்தது. ஒரே மொழியில், ஒரே எழுத்துக்கூட்டலில் நிற்கும் இரண்டு சொற்களே தொடர்பற்றவை என்றால், கடல்கடந்த இரு மொழிகளுக்கிடையே காதை மட்டும் எப்படி நம்புவது? நம் மாணவத் தலைவர்கள் அணியும் ‘பிளேசர்’ மட்டும் தீயின் பிள்ளைதான். 19ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் படகுக் குழுவொன்றின் எரிசிவப்பு மேற்சட்டையிலிருந்து வந்த பெயர் அது.

இத்தனைக்கும் தமிழ் பிற மொழிகளுக்குக் கொடுத்ததற்கு உறுதியான சான்றுகள் நிறையவே உண்டு. ஜொகூரின் செடெனாக்கில், செம்பனைத் தோட்டத்தைத் தாண்டிக் கடைக்குப் போகும் பிள்ளை ‘கெடாய்’ என்ற பலகையைப் பார்க்கிறது. அது நம் கடை. மலாயின் ‘கப்பால்’ நம் கப்பல், ‘பெத்தி’ நம் பெட்டி, ‘காத்தில்’ நம் கட்டில். வணிகர்களும் கப்பல்களும் போய்வந்த வழி தெரிவதால் இவற்றை யாரும் மறுப்பதில்லை. ஆங்கிலத்திலும் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை இப்படியே போய்ச் சேர்ந்தன. திராவிட மொழிகளுக்குள் வேர் தேடுவோருக்குப் பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட சொற்பிறப்பியல் அகராதி இருக்கிறது. அதன் திருத்திய பதிப்பு 1984இல் வந்தது.

ஆசிரியர்கள் வகுப்பைக் ‘கெடாய்’ பலகையிலிருந்து தொடங்கட்டும். ஒரு சொல்லைத் தமிழ் என்று அறிவிப்பதற்கு முன், அதன் பழைய வடிவம் எது, அது எந்த வழியாகப் பயணப்பட்டது என்ற இரண்டையும் பிள்ளைகளே தேடிப் பார்க்கப் பழக்குங்கள்.