இரட்டை இறக்கைகளின் நிதானம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மார்ஷல் நகரை அப்போது தலைமையிடமாகக் கொண்டிருந்த ஷ்வான் உணவு நிறுவனம், தன்னுடைய உறைய வைத்த பீட்சாவை விளம்பரப்படுத்துவதற்காக 1979ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ரெட் பேரன்’ விமான அணி, ஏறத்தாழ 28 ஆண்டுகள் வான் சாகச விழாக்களில் பறந்தபின் 2007ஆம் ஆண்டோடு கலைக்கப்பட்டது. விளம்பரத்துக்காகப் பிறந்த ஒன்றைக் கலையின் கணக்கில் சேர்க்கத் தயங்குவோர் இருக்கலாம். ஆனால் புரவலர் யார் என்பதைக் கொண்டு கலையின் தரத்தை அளப்பது முறையன்று. முதல் உலகப் போரின் புகழ்பெற்ற ஜெர்மானிய விமானி மான்ஃபிரெட் ஃபொன் ரிக்ட்ஹோஃபனின் பட்டப்பெயரைத்தான் அந்தப் பீட்சாவும் அணியும் தாங்கின. எனினும் அணியினர் ஓட்டியவை அந்தப் போரின் விமானங்கள் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புதிய விமானிகளைப் பழக்கிய ஸ்டியர்மேன் விமானங்களே.

கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் போயிங் நிறுவனத்தின் கிளையாக இயங்கிய தொழிற்சாலையில் 8,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவான ஸ்டியர்மேன், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு இறக்கைகளையும், மேற்கூரையற்ற இரண்டு இருக்கைகளையும் கொண்டது. உடற்பகுதி எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. இறக்கைகளோ மரச்சட்டங்களின் மேல் துணியை இழுத்துப் போர்த்தியவை. இரண்டு இறக்கைகளையும் தாங்குகட்டைகளும் இழுகம்பிகளும் பிணைத்து நிறுத்துகின்றன. பயிற்சிக் காலத்தில் பொதுவாக 220 குதிரைத்திறன் கொண்ட என்ஜினே இதற்குப் போதுமானதாக இருந்தது. போர் முடிந்து உபரியாக விற்கப்பட்டவற்றில் பல, வயல்களுக்கு மருந்து தெளிக்கும் வேலைக்குப் போயின. அங்கே பாரம் சுமக்க வேண்டியிருந்ததால் 450 குதிரைத்திறன் கொண்ட பிராட் அண்டு விட்னி என்ஜினைப் பொருத்தும் வழக்கம் பரவியது. ஒன்பது சிலிண்டர்கள் நடு அச்சைச் சுற்றி வட்டமாக நிற்கும் இந்த ரேடியல் வகை என்ஜின்தான் பின்னாளில் சாகச விமானிகளுக்கும் கைகொடுத்தது.

இவ்வளவு திறன் கூடிய பின்பும் ஸ்டியர்மேன் வேகமான விமானமாகிவிடவில்லை என்பதில்தான் இதன் அழகு தொடங்குகிறது. இரட்டை இறக்கைகளும் கட்டைகளும் கம்பிகளும் காற்றை இடைவிடாமல் எதிர்த்து நிற்பதால், சம்பாதித்த வேகம் கையில் தங்குவதில்லை. மேல்நோக்கி எழுந்து தலைகீழாகி மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் ‘லூப்’ என்ற வளையத்தைப் போட, விமானி முதலில் உயரத்தைச் செலவிட்டு வேகத்தை வாங்குகிறார். பின்பு அந்த வேகத்தைச் செலவிட்டு உயரத்தை மீட்கிறார். உச்சியை அடையும்போது விமானம் ஏறத்தாழ மிதக்கிறது. அங்கே கட்டுப்பாட்டுத் தண்டை முன்போலவே இழுத்துப் பிடித்தால் வட்டம் குறுகிக் கோணலாகிவிடும் என்பதால், பிடியை மெல்லத் தளர்த்தி, இறங்குகையில் மறுபடியும் இறுக்க வேண்டும். ஜெட் விமானத்தின் வளையம் பார்வைக்கு எட்டாத உயரம்வரை விரிகிறது. ஸ்டியர்மேனின் வளையமோ பார்வையாளரின் கண்ணுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. அதனால் கோடு எங்கே கோணியது என்பதையும் எங்கே சீரானது என்பதையும் தரையில் நிற்பவர் தாமே கண்டு ரசிக்க முடிகிறது.

ஒரு விமானத்துக்கே இத்தனை கணக்கு என்றால், நான்கு விமானங்கள் நெருக்கமாக அணி சேர்ந்து இதைச் செய்வது எத்தகைய வித்தை என்பதை எண்ணிப் பார்க்கலாம். முன்செல்லும் தலைமை விமானி தம் என்ஜினின் முழுத் திறனையும் ஒருபோதும் பயன்படுத்திவிடக் கூடாது. பயன்படுத்தினால், வளைவின் வெளிப்புறத்தில் கூடுதல் தொலைவைக் கடக்க வேண்டிய, பக்கத்து விமானத்தை ஓட்டும் துணை விமானி எட்டிப் பிடிப்பதற்குச் சேமிப்பு எதுவும் மிஞ்சாது. பின்னிருக்கையில் அமர்ந்து ஓட்டும் துணை விமானிக்கு முன்னால் மேலிறக்கையும் கட்டைகளும் கம்பிகளும் பார்வையை வெட்டி நிற்கின்றன. அந்த இடைவெளிகளின் ஊடே தலைவரின் விமானத்தில் ஏதேனும் இரண்டு புள்ளிகளைத் தேர்ந்து, அவை ஒன்றோடொன்று நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்பதை மட்டுமே அவர் கவனிக்கிறார். தரை எங்கே, வானம் எங்கே என்று அவர் தேடுவதில்லை. தலைகீழாக இருக்கும் நொடியிலும் அவருடைய உலகம் அந்த இரண்டு புள்ளிகள்தான். தலைவர் மீது இதைவிட முழுமையான நம்பிக்கையைக் கோரும் கூட்டுக்கலை அரிது.

சூடான புகைபோக்கிக்குள் கனிம எண்ணெயைச் செலுத்தி உண்டாக்கும் வெண்புகை, கடந்த பாதையைச் சற்று நேரம் வானில் நிறுத்தி வைக்கிறது. எனினும் தேர்ந்த ரசிகர் ஓசைக்கும் செவி கொடுப்பார்: ஏறும்போது கனத்து முழங்கும் என்ஜின் உச்சியில் தணிவதும், இறங்கும்போது இழுகம்பிகள் காற்றில் சீறுவதும் கண்ணை மூடிக்கொண்டாலும் வடிவத்தைச் சொல்லிவிடுகின்றன.

அணி கலைந்ததனால் ஸ்டியர்மேன் மறைந்துவிடவில்லை. இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் நகரில் இதன் உரிமையாளர்கள் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். பிரிட்டனில் ஏரோசூப்பர்பாட்டிக்ஸ் நிறுவனத்தார் மேலிறக்கையின் மீது ஆளை நிறுத்திப் பறக்கும் சாகசத்தை இதே விமானத்தில் நடத்திப் பெயர் பெற்றார்கள். அந்தச் சாகசத்தின் துணிவு பெரிது. ஆயினும் அங்கே கண் இறக்கைமேல் நிற்பவரிடமே தங்கிவிடுகிறது. நான்கு விமானங்கள் ஒரே கோடாகி வளைந்ததைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்து நின்றவர்களுக்கு, 2007ஆம் ஆண்டுக்குப் பிந்தைய வான் விழாக்களில் ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது.