கையில் ஒரு காந்தப்பெட்டி, தாளில் ஒரு காந்தப்பெட்டி

அரூருக்குப் பக்கத்துத் தீர்த்தமலையைப் பக்தர்கள் தீர்த்தகிரீஸ்வரருக்காகவும் பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்துக்காகவும் அறிவார்கள். நிலவியல்காரர்களுக்கோ கஞ்சமலையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய மேக்னடைட் இரும்புத்தாது கிடைக்கும் இடம் அது. காந்தவியல் நடத்த இதைவிடத் தோதான ஊர் அமைவது அரிது. என்றாலும் பாடம் பொதுத்தேர்வைப் பார்த்துத்தான் நடக்கிறது.

தமிழ்நாட்டு ப்ளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 30. செய்முறைப் பட்டியலில் டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் உண்டு. கம்பிச்சுருளின் தளத்தைக் காந்தத் துருவத் தளத்தில் நிறுத்தி, காந்தப்பெட்டியைத் திருப்பி முள்ளை 0–0 காட்ட வைத்து, மின்னோட்டம் செலுத்த வேண்டும். 5 சுற்று, 16 செ.மீ. விட்டம், 1 ஆம்பியர் என்றால் முள் 45 டிகிரியை ஒட்டி நிற்கும். புவிகாந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறு சுமார் 4 × 10⁻⁵ டெஸ்லா என்று விடை வரும். ரெக்கார்டு நோட்டில் அது ஏற்கெனவே எழுதியிருக்கும் என்பதுதான் சங்கடம். மேசைக்கடியில் இரும்புக் கால் இருந்து முள் தடம் மாறினாலும் விடை மாறாது; அளவீடுகள் விடைக்கேற்ப வளைந்து கொடுக்கும். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தப் பிள்ளை முள் நடுங்கி நிலைகொள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறது.

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலில் காந்தப்புலம் தனி அலகு. ஹோல் விளைவு வரை போகும். பரீட்சையில் தனிச் செய்முறைத் தேர்வு கிடையாது. 50 பல்தேர்வு வினாக்கள், அதன்பின் இரண்டாம் தாளில் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்கள், நான்குக்கும் விடை எழுதியாக வேண்டும். பரிசோதனை அறிவெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் சோதிக்கப்படும். பாடசாலை ஆய்வுகூடத்தில் கருவியைத் தொட்டவரும், டியூஷன் மண்டபத்தின் கடைசி வாங்கிலிருந்து கடந்தகால வினாத்தாள்களை மட்டும் கரைத்துக் குடித்தவரும் ஒரே தாளைத்தான் எழுதுகிறார்கள். இது நியாயமில்லை என்பேன். ஆனால் அந்த வினாக்களின் கூர்மையை மறுக்க முடியாது. இதே கால்வனாமீட்டரை அந்த முறையில் கேட்டால் எப்படியிருக்கும்? ஊசி ஏன் இவ்வளவு குட்டை? முள் ஏன் அலுமினியம்? விலகல் ஏன் 30க்கும் 60க்கும் நடுவே இருக்க வேண்டும்? எதற்கு எதிரே எதை வரைந்தால் நேர்கோடு வரும், அதன் படித்திறன் என்ன? சுருளின் மையத்தில் மட்டுமே புலம் சீராக இருக்கும், ஆகவே ஊசி குட்டை என்று யோசித்துச் சொல்பவருக்குச் சோதனை புரிந்திருக்கிறது. நம் பக்கத்தில் செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கியவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு வசதியை இரு பாடமும் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. சரிவுக் கோணம் சுழியாகும் காந்த நடுவரை நம் தென்முனைக்கும் இலங்கைக்கும் மிக அருகே போகிறது. தும்பாவில் 1963இல் முதல் ராக்கெட் ஏவ இடம் தேர்ந்ததற்கும் அதுவே காரணம். தீர்த்தமலையில் சரிவு சிறிதுதான், யாழ்ப்பாணத்தில் அதைவிடக் குறைவு. லண்டனிலோ 66 டிகிரி அளவு. அங்கே கிடைத்தளக் கூறு ஏறக்குறைய பாதிதான். அதே கருவியில் 45 டிகிரிக்கு அரை ஆம்பியர் போதும். இதைக் கணக்காகக் கொடுத்தால் ப்ளஸ் டூ பிள்ளையும் உயர்தரப் பிள்ளையும் போட்டுப் பார்க்கலாம்.

தாதுவும் அப்படியே கிடக்கிறது. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில் கடற்கரைக் கருமணலிலிருந்து இல்மனைட்டைக் காந்தப் பிரிப்பான் கொண்டு பிரிக்கிறார்கள். தீர்த்தமலைப் பிள்ளைகள் ஒரு மேக்னடைட் கல்லைக் காந்தப்பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து முள் எத்தனை டிகிரி விலகுகிறது என்று குறிக்கலாம். பிறகு அரைச் சாணில் வைத்து மறுபடி. செலவு எதுவும் இல்லை, ரெக்கார்டு நோட்டில் அதற்கு விடையும் இல்லை.