ஐவகை அச்சத்துள் முதலாவது

மனுநீதிச் சோழர் வரலாற்றைப் பேசுவோர் பலரும் பசுவின் கண்ணீரையும் ஆராய்ச்சி மணியையுமே விரித்துரைப்பர். அமைச்சர்க்கு அரசர் இறுத்த விடையை ஆராய்வார் அரியர். சேக்கிழார் சுவாமிகளின் உட்கோள் அவ்விடையிலேயே கிடக்கின்றது. காவலன் உயிர்கட்கு நீக்கவேண்டிய அச்சம் ஐந்தென எண்ணிய அரசர், பகைவர், கள்வர், பிறவுயிர் என்பவற்றிற்கு முன்னே தம்மையும் தம் பரிசனத்தையும் வைத்தார். இவ்வைப்புமுறை வறிதன்று. அமைச்சர் கூறிய கழுவாய் நூல்வழி வந்ததே, அவர் பொய்யுரைத்தாரல்லர். ஆயினும், தம் மகனுக்குக் கழுவாயும் அயலானுக்குக் கொலைத்தண்டமும் விதிப்பின், மனுநூல் மனுவாலேயே அழிந்ததென்னும் பழி நிற்குமென அரசர் அஞ்சினார். இக்காலத் தலைவருட் சிலரோ, பொதுவாழ்வு வேறு, தனியொழுக்கம் வேறென வரம்பு கட்டிக்கொண்டு, தம் மக்கள் பிழைக்குச் சட்டத்தில் சந்து தேடுகின்றனர். மேடையேறி அச்சோழரைப் புகழ்வாரும் அவரே.