‘முகநூல் புரட்சி’ என்னும் தொகை: 2011 எகிப்திய எழுச்சியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

2011ஆம் ஆண்டின் எகிப்திய மக்கள் எழுச்சிக்கு வழங்கப்பட்ட ‘முகநூல் புரட்சி’ என்ற பெயர், கருவிக்கும் கருத்தாவுக்கும் இடையிலான வேறுபாட்டை மறைக்கிறது. அம்மறைப்பினால் ஆய்வில் நேரும் பிழைகளை இக்கட்டுரை நிகழ்வுகளின் துணைகொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சமூக ஊடகம், அரசியல் எழுச்சி, எகிப்து, மஹல்லா, மூன்றாம் வேற்றுமை

முன்னுரை

2011 சனவரி 25 அன்று தொடங்கி, பிப்ரவரி 11இல் ஹொஸ்னி முபாரக்கின் பதவி விலகலோடு முடிந்த 18 நாள் எழுச்சியை உலக ஊடகங்கள் பல ‘முகநூல் புரட்சி’ என்று அழைத்தன. தமிழிலும் அத்தொடர் வழக்கூன்றிவிட்டது. இலக்கண நோக்கில் இதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொள்ளலாம். விரித்தால் ‘முகநூலால் நிகழ்ந்த புரட்சி’ என வரும். ‘ஆல்’ உருபோ ‘உளியால் செதுக்கினான்’ என்புழிக் கருவியையும் ‘சிற்பியால் செதுக்கப்பட்டது’ என்புழிக் கருத்தாவையும் உணர்த்துவது. முகநூல் இங்கே உளியா, சிற்பியா? மூன்றாம் வேற்றுமைக்கே உரிய உடனிகழ்ச்சிப் பொருளும் உண்டு. அவ்வாறு கொண்டால் ‘முகநூலோடு நிகழ்ந்த புரட்சி’ என்று மட்டுமே பொருள்படும். தொகை இவற்றுள் ஒன்றையும் தெரிவிப்பதில்லை. இச்சொல்லை ஆள்வோர் பலர் கருவிக்குச் சான்று காட்டிவிட்டுக் கருத்தாவுக்கு முடிவு கூறிவிடுகின்றனர்.

மஹல்லா என்னும் முன்கதை

நைல் ஆற்றுக் கழிமுகத்திலுள்ள மஹல்லா அல் குப்ரா நகரின் அரசுப் பஞ்சாலையில் 2006 டிசம்பரில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அங்கே மீண்டும் 2008 ஏப்ரல் 6 அன்று அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தத்திற்கு ஆதரவாக இளைஞர்கள் தொடங்கிய முகநூல் குழுவில் ஏறத்தாழ 70,000 பேர் சேர்ந்தனர். ‘ஏப்ரல் 6 இளைஞர் இயக்கம்’ என்ற பெயர் இதிலிருந்து வந்ததே. அவ்வியக்கம் 2009 ஏப்ரல் 6 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தத்திற்கு இணையவழி மீண்டும் அழைப்பு விடுத்தது, அழைப்பு பொய்த்துப்போனது. அதே ஊடகம், அதே இயக்கம். ஆலையின் வேலைநிறுத்தம் மட்டும் இவ்வாண்டு உடனில்லை. ‘முகநூல் புரட்சி’யின் வரலாற்றைக் கூறுவோர் 2008இன் உறுப்பினர் எண்ணிக்கையைத் தவறாமல் குறிக்கின்றனர், 2009ஐப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். கருதுகோளைச் சோதிக்க வல்லது விடுபட்ட அந்த ஆண்டே.

கருவியை ஆண்ட முறை

இதனால் சமூக ஊடகம் பயனற்றது என்பதன்று. 2010 சூனில் அலெக்சாந்திரியாவில் காவலர்கள் அடித்துக் கொன்ற காலித் சயீத் என்ற இளைஞரின் பெயரால் தொடங்கப்பட்ட முகநூல் பக்கம் இலட்சக்கணக்கானோரைத் திரட்டியது. காவலர் நாளாகிய சனவரி 25ஐப் போராட்ட நாளாக அறிவித்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. அஸ்மா மஹ்பூஸ் வெளியிட்ட காணொளி அழைப்பும் பரவலாகப் பார்க்கப்பட்டது.

ஆயினும் அமைப்பாளர்கள் இக்கருவியை எவ்வளவு எச்சரிக்கையோடு கையாண்டனர் என்பது நோக்கத்தக்கது. சனவரி 25க்கென 20 இடங்களை அவர்கள் இணையத்தில் வெளிப்படையாக அறிவித்தனர். காவல்படையும் அங்கெல்லாம் குவிந்தது. அறிவிக்கப்படாத 21ஆவது இடம் புலாக் அல் தக்ரூர் என்னும் உழைக்கும் மக்கள் குடியிருப்பு. அங்கிருந்து புறப்பட்ட ஊர்வலமே தடைகளைக் கடந்து தஹ்ரீர் சதுக்கத்தை அடைந்தது. இங்கு இணையம் ஆளைத் திரட்டியதோடு அரசின் கண்ணை வேறுபுறம் திருப்பவும் பயன்பட்டது. அந்நாள்களில் சுற்றில் விடப்பட்ட வழிகாட்டிக் கையேடு ஒன்று, தன்னை மின்னஞ்சல் வழியாகவும் ஒளிநகலாகவும் மட்டுமே பரப்புமாறும், முகநூலும் ட்விட்டரும் கண்காணிக்கப்படுவதால் அவற்றைத் தவிர்க்குமாறும் கேட்டுக்கொண்டது.

ஸெய்னெப் துஃபெக்சியும் கிறிஸ்டோபர் வில்சனும் தஹ்ரீர் போராட்டத்தில் பங்கேற்றோரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. போராட்டம் பற்றி முதலில் நேர்ப்பேச்சின் வழியே அறிந்தோர் ஏறத்தாழப் பாதிப்பேர். முகநூல் வழி அறிந்தோர் கால்பங்கிற்குச் சற்று மேல். சமூக ஊடகத்தைப் பயன்படுத்தியோர் முதல்நாளிலேயே களம் வந்திருக்கும் வாய்ப்பு மிகுதி என்பதையும் அவ்வாய்வு காட்டுகிறது. இரு தரப்பினரும் தத்தமக்கு வேண்டிய பாதியை எடுத்தாள்கின்றனர். எவ்வழியே அறிந்தார் என்பது ஒரு வினா. அறிந்தபின் ஏன் சென்றார் என்பது வேறொன்று. முன்னதன் விடையைப் பின்னதற்கு ஏற்றுவது முறையன்று.

இணையம் அறுபட்ட நாள்

சனவரி 27 நள்ளிரவை ஒட்டி எகிப்திய அரசு ஏறக்குறைய நாடு முழுதும் இணையத்தைத் துண்டித்தது. மறுநாள் கைப்பேசிச் சேவையும் நின்றது. அந்த 28ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்றுதான் அதுவரை கண்டிராத பெருங்கூட்டம் தெருவிறங்கியது. மாலைக்குள் காவல்படை பின்வாங்க, இராணுவம் நகருக்குள் வந்தது. இணையம் பிப்ரவரி 2இல் மீண்டது. காலித் சயீத் பக்கத்தை மறைந்திருந்து நடத்திய வாயேல் கோனிம் சனவரி 27 இரவு கடத்தப்பட்டு, பிப்ரவரி 7 வரை சிறையில் இருந்தார். எழுச்சியின் திருப்புமுனையில் கருவியும் இல்லை, அதனை இயக்கியவரும் இல்லை.

துண்டிப்பே மக்களை வெளியே தள்ளியது என்று நவித் ஹசன்பூர் வாதிடுகிறார். செய்தி அறிய வேறு வழியின்றி மக்கள் தெருவுக்கு வந்தனர், போராட்டமும் பல இடங்களுக்குப் பரவியது என்பது அவர் கருத்து. ஏற்கத்தக்கதே. ஆனால் அந்நாள் வெள்ளிக்கிழமை; தொழுகை முடிந்து பள்ளிவாசல்களிலிருந்து ஊர்வலங்கள் புறப்படும் என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. துண்டிப்பின் விளைவையும் தொழுகைநாளின் விளைவையும் பிரித்தறிவது எளிதன்று. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் நாடெங்கும் பரவிய வேலைநிறுத்தங்களுக்கு இவ்விவாதத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பதும் குறையே.

கருவிக்கு உடைமையாளர் உண்டு

முகநூலைக் கருத்தா எனச் சொல்லத்தக்க இடங்களும் உள. 2010 நவம்பரில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில நாள்கள் முன்னர், காலித் சயீத் பக்கத்தை முகநூல் நிறுவனமே முடக்கியது. நடத்துநர் புனைபெயரில் இருந்தார் என்பது காரணம். வெளிநாட்டில் வாழ்ந்த ஒருவர் தம் உண்மைப் பெயரைத் தந்தபின்னரே அது மீண்டது. பெயரை வெளியிட்டால் சிறை, மறைத்தால் பக்கம் இல்லை என்னும் நிலை அது. உளிக்கு இத்தகைய விதிகள் இல்லை. சமூக ஊடகத்தை நடுநிலைக் கருவியாகக் கொள்ளும் ஆய்வுகள் இடறும் இடம் இது.

முபாரக் விலகியபின் 2011 மார்ச் 19இல் அரசமைப்புத் திருத்தங்கள் மீது வாக்கெடுப்பு நடந்தது. இளைஞர் இயக்கங்கள் ‘வேண்டாம்’ என வாக்களிக்கக் கோரின. 77 விழுக்காட்டினர் ‘வேண்டும்’ என்றனர். ஊர்தோறும் கிளைகொண்டிருந்த முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பு ‘வேண்டும்’ பக்கம் நின்றது. விரைவாகக் கூட்டம் சேர்க்கும் வசதி, நீண்டகால அமைப்புப் பணியால் வரும் கூடி முடிவெடுக்கும் திறனைத் தருவதில்லை என்று துஃபெக்சி 2017இல் வெளிவந்த தம் நூலில் விளக்குவது இதற்கு நன்கு பொருந்தும். பிப்ரவரி 11 அன்று முகநூலுக்கு நன்றி கூறிய கோனிமும், சமூகத்தை விடுவிக்க இணையம் போதும் என்ற தம் கூற்று தவறென 2015இல் பொதுமேடையில் கூறினார்.

அவ்வெழுச்சியில் குறைந்தது 846 பேர் இறந்தனர் என அரசு அமைத்த உண்மையறியும் குழு கணக்கிட்டது. அவர்களுள் முகநூல் கணக்கு வைத்திருந்தோர் எத்தனைபேர் என எவரும் எண்ணவில்லை. அவர்கள் பங்கேற்ற நிகழ்வுக்கோ அந்நிறுவனத்தின் பெயர் அடைமொழியாகிவிட்டது.