வெறுஞ்சுவர் சொன்ன பாடம்

ஓவியக்கூடம் உண்டு, ஓவியம் இல்லை! 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் லண்டன் தேசிய ஓவியக்கூடம் இருந்த நிலை இது. போர் வருகிறது என்றதும் ஓவியங்களை வேல்சு பகுதிக்கு அனுப்பிவிட்டனர்; 1941-இல் அவை அங்குள்ள மனாட் மலைச் சுரங்கத்துக்குள் வைக்கப்பட்டன. ஓவியத்திற்குப் பாதுகாப்புக் கிடைத்தது. ஊரைவிட்டுப் போக வழியற்ற மக்களுக்கு? நாடக அரங்குகளும் படக்கொட்டகைகளும் இசை மண்டபங்களும் மூடப்பட்டன. மாலையில் விளக்கொளியும் இல்லை. மகிழ்ந்திருக்க இடமும் இல்லை.

அந்த இருட்டை எதிர்த்து எழுந்தவர் மைரா ஹெஸ் எனும் பியானோக் கலைஞர். யூதக் குடும்பத்தில் பிறந்த மாது. வெறுமையாய்க் கிடக்கும் கூடத்தில் நண்பகலில் இசை நிகழ்ச்சி நடத்தலாம் என்றார். கூடத்தின் தலைவர் கென்னத் கிளார்க் இசைந்தார். எப்போதோ ஒருநாள் அன்று, நாள்தோறும் நடத்துவோம் என்றார். 1939 அக்டோபர் 10-ஆம் நாள் முதல் நிகழ்ச்சி. அமைச்சருக்கும் அஞ்சல் ஊழியருக்கும் ஒரே கட்டணம், ஒரு ஷில்லிங்! ஒரு பவுனில் இருபதில் ஒரு பங்கு. முதல் நாளே கூட்டம் வாயிலை முட்டியது.

1946 ஏப்ரல் 10 வரை, திங்கள் முதல் வெள்ளி வரை, இசை ஒலித்தது. நடந்த நிகழ்ச்சிகள் 1,698. வந்தோர் தொகை 8,24,152. சராசரி பார்த்தால் ஒரு நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 485 பேர். குண்டு மழை பொழிந்த நாட்களில் நிலவறைக்கு இறங்கினர், கட்டடத்தின்மீதே குண்டு விழுந்தபோது இடம் மாற்றினர், நிறுத்தினாரில்லை. பெரும்புகழ் பெற்றவருக்கும் முதன்முதல் மேடையேறுபவருக்கும் ஒரே ஊதியம். ஹெஸ் அம்மையாரோ தமக்கென ஒரு காசும் பெற்றுக்கொள்ளவில்லை. மிஞ்சிய பணம் நலிந்த இசைக் கலைஞர்களின் உதவி நிதிக்குச் சென்றது.

இவற்றினும் மேலாக நாம் போற்றுவது ஒன்று உண்டு. அங்கே இசைக்கப்பட்டது யாருடைய இசை? பாக், பீதோவன், பிராம்ஸ்! குண்டு போடும் நாட்டிலே பிறந்தோரின் இசை! முதல் உலகப் போரின்போது ஜெர்மானிய இசை வேண்டாம் என்று இதே இங்கிலாந்தில் குரல் எழுந்ததுண்டு. இம்முறை மக்கள் அந்த இசையை அமர்ந்து கேட்டனர். அதே காலத்தில் ஜெர்மனியில் நடந்தது என்ன? மெண்டெல்சோன் யூதக் குடியில் பிறந்தவர் என்பதற்காக நாஜிகள் அவருடைய இசைக்குத் தடை விதித்தனர். லீப்சிக் நகரில் நின்ற அவர் சிலையை 1936-இல் அகற்றினர். ஒருபுறம், இசைக்கும் பிறப்புச் சான்று கேட்ட மடமை. மறுபுறம், யூதப் பெண்ணொருத்தியின் விரல்களில் பிறந்த பாக்கின் இசை. பிறப்பை வைத்துப் பெருமையும் சிறுமையும் பேசுவோருக்கு இதனினும் தக்க விடை வேறு எது?

போற்றுகிறோம் என்பதால் குறையை மறைப்போமா? மாட்டோம். 1942-இல் ஹம்ப்ரி ஜென்னிங்ஸ் குழுவினர் அரசின் தகவல் துறைக்காக எடுத்த 'லிசன் டு பிரிட்டன்' படத்தில் இந்த நிகழ்ச்சி வருகிறது. ஹெஸ் வாசிக்கிறார், அரசியார் மக்களோடு அமர்ந்திருக்கிறார். அதற்குச் சற்று முன் தொழிற்சாலை உணவுக்கூடம் வருகிறது. அங்கே தொழிலாளர்களுக்கு வேடிக்கைப் பாடகர் இருவர் பாடுகின்றனர். இரண்டையும் இணைத்து, நாடே ஒன்று என்று காட்டுகிறது படம். நாம் கேட்கிறோம்: பகல் ஒரு மணிக்கு டிரஃபால்கர் சதுக்கத்திற்கு வரக்கூடியவர் யார்? அண்டையிலுள்ள அலுவலக ஊழியர் வரலாம். விடுப்பில் வந்த படைவீரர் வரலாம். எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி எப்படி வருவான்? கட்டணம் குறைந்தது, காலமும் தொலைவும் குறையவில்லை. கதவைத் திறந்து வைத்தல் பாதிப் பணி. வர முடியாதவன் இருக்கும் இடத்திற்குப் போதல் மீதிப் பணி.

முடிவுதான் நம்மை அதிகம் உறுத்துகிறது. போர் ஓய்ந்தது, ஓவியங்கள் திரும்பின. நிகழ்ச்சி தொடர வேண்டும் என்று ஹெஸ் விரும்பினார். கூடத்தின் பொறுப்பாளர்கள் இசையவில்லை. ஓவியக்கூடம் ஓவியத்திற்கே என்றனர். பழுதுபட்ட கட்டடத்தைச் சீர்செய்ய வேண்டியிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஆறரை ஆண்டுக் காலம் அங்கே கூடிய மக்களுக்கு மாற்றிடம் ஒன்று அமைத்துத் தரும் கடமை எவருக்கும் இல்லாமற் போனதா? ஆபத்து வந்தபோது மக்களுக்குக் கலை தேவை என்று உணர்ந்தோர், அமைதி வந்ததும் அதை மறக்கலாமா?

வெடிகுண்டு வந்துதான் கலைக்கூடத்தின் கதவு திறக்க வேண்டுமா? சுவர் வெறுமையானால்தான் மக்களுக்கு இடம் கிடைக்குமா? பொதுப்பணத்தில் எழுந்த கூடம் பொதுமக்களின் உடைமை. ஓவியம் தொங்கும் நாளிலும் அது அவர்களுடையதே. 1939-இல் வெறுஞ்சுவர் சொன்ன பாடம் இது. ஓவியங்கள் திரும்பி வந்து அந்தச் சுவரை மறைத்தன. பாடத்தையும் மறைக்க நாம் விடலாகாது.